ஆறு பத்து வரிசை

எனக்கு டீ வேண்டாம் ஐயா. பொது டம்ளரில் நான் குடிப்பதில்லை. நீங்கள் குடியுங்கள், நான் சொல்கிறேன், வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ரயில் நிலைய வண்டி நிறுத்தம் முன்பு எப்படிக் கிடந்தது என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இஷ்டத்துக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். எண்பது வண்டிக்கு மேல் கொள்ளாது. மாநகராட்சி என்னை மேற்பார்வையாளராகப் போட்டது. ஒரே மாதத்தில் அதே இடத்தில் நூற்று முப்பது வண்டி நிறுத்திக் காட்டினேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. சாயங்காலம் எந்த ரயிலில் திரும்புகிறீர்களோ, அந்த வரிசையில் உங்கள் வண்டி. நாலு நாற்பது ரயில்காரர்கள் முன்னால், ஐந்து இருபது அடுத்து, ஆறு பத்து அதற்கும் பின்னால். விரல் நுழையாதபடி ஒட்டி நிற்கும். சாவியெல்லாம் என்னிடம். அந்தந்த ரயில் நேரம் வரை இடையில் எதையும் நகர்த்தக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. இந்த முறையை மற்ற நிலையங்களுக்கும் கொண்டுபோகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

சாவி என்னிடம் என்பதால் எல்லார் வண்டியிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். எச்சில் துப்பிய பாட்டில், சீட்டுக்கடியில் அழுகிய பழத்தோல், ஸ்டியரிங்கில் பிசுபிசுவென்று எதுவோ. இவர்கள்தான் மடிப்புக் கலையாத சட்டையும் சென்ட்டுமாக ரயிலேறுகிறவர்கள். கழுவிக் கழுவி என் கையில் தோல் உரிந்துவிட்டது, பாருங்கள்.

அந்தப் பெண்ணின் வண்டிதான் எல்லாவற்றிலும் மோசம். புருஷன் நுரையீரல் நோயாளி. பின்சீட்டில் கோழைத் துணி, மூத்திர வாடை. மூச்சை அடக்கிக்கொண்டுதான் அதை ஓட்டுவேன். தினமும் காலையில் அவள் ஆக்ஸிஜன் சிலிண்டரை நிரப்பி டிக்கியில் வைத்துக்கொண்டு வருவாள். அதை வீட்டில் இறக்கிவிட்டு வந்தால் ரயில் போய்விடும் என்று வண்டியோடு இங்கே விட்டுவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் வேலைக்குப் போவாள். வீட்டில் இருக்கும் சிலிண்டர் சாயங்காலம் வரை தாங்கும்.

அன்றைக்குத் தாங்கவில்லை. பதினொரு மணி ரயிலில் திரும்பி வந்து இறங்கித் தலைதெறிக்க ஓடி வந்தாள். வீட்டுச் சிலிண்டர் கசிந்து தீர்ந்துவிட்டதாம், நாத்தனார் போன் செய்தாளாம். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி ஆகுமாம். வீடு இரண்டே தெரு தள்ளி.

"அண்ணா, என் காரை எடுக்கக்கூட வேணாம். பின்னாடி நிக்கிற வண்டிய ரெண்டடி தள்ளுங்க, டிக்கி தெறந்தா போதும். அவருக்கு மூச்சு நிக்கப் போகுதுண்ணா."

"ஆறு பத்துக்கு வாம்மா. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

நான் கத்தவில்லை, திட்டவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூக்கும் கண்ணுமாக ஒழுக, என் மேஜையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். மேஜைக் கண்ணாடி முழுக்கச் சளி. அந்தக் கையாலேயே என் கையைப் பிடித்தாள். உள்ளதைச் சொல்கிறேன். கையை உதறிவிட்டேன். பிறகு போய்ப் பின்னால் நின்ற வண்டியைத் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். கைபிரேக் போட்ட வண்டி நகருமா? டிக்கியை நகத்தால் நெம்பினாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது.

கூட்டுகிற அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள். "ஏன்யா, நீயெல்லாம் மனுசந்தானா? ரெண்டடி தள்ளுனா குடியா முழுகிப்போயிடும்?"

போய் வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

இருபது நிமிஷத்தில் அந்தப் பெண்ணின் போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டாள். சாவியைக்கூடக் கேட்காமல் நடந்து போய்விட்டாள். மேஜையை மூன்று தடவை பினாயில் போட்டுத் துடைத்தேன். ஆறு பத்து வரைக்கும் சாவி பலகையில்தான் தொங்கியது. வாங்க யாரும் வரவில்லை.

வண்டியைத் தள்ளியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று கேட்கிறீர்கள். டாக்டர் அப்படித்தான் சொன்னாராம். செத்தவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஒருவருக்காக விதியை வளைத்தால் அப்புறம் ஒழுங்கு ஏது?

பின்னால் நின்றது யார் வண்டி என்று மறுபடியும் கேட்கிறீர்கள். என்னுடையதுதான். டிக்கி திறந்தால் அந்த நாற்றம் என் வண்டிக்குள் ஏறிவிடும். அன்று பத்து மணிக்குக்கூட, வழக்கம்போல, என் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து, பழைய இடத்திலேயே ஒட்டி நிறுத்தினேன்.