தொண்டை மருந்து

அப்பமாவு புளிக்கக் கள் வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மாவில் கொஞ்சம் கள் விட்டால்தான் அப்பத்தின் நடு பஞ்சுபோல எழும்பும். எங்கள் வீட்டில் அந்தக் கொஞ்சத்துக்கும் இடமில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மதுவிலக்குச் சங்கத்தின் பிரதான பேச்சாளர் வீட்டுக் குசினியில் கள் இருந்தால் ஊர் சிரிக்கும் என்றார். நியாயமான பேச்சு. ஆகவே நான் அன்னாசித் தோலைச் சீனித் தண்ணீரில் ஊறப்போட்டேன். மூன்றாம் நாள் அது நுரைத்தது. அப்பமும் நன்றாக வந்தது. ஐயா, நீங்கள் கொழும்பிலிருந்து விசாரிக்க வந்த காரியம் அங்கேதான் தொடங்கியது.

அவருடைய பெயரை நான் வாயால் சொல்வதில்லை. உங்கள் சங்கத்து நோட்டீசுகளில் சுந்தரலிங்கம் மாஸ்டர் என்று பெரிய எழுத்தில் இருக்கும். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்தார். இந்தக் கடுகண்ணாவையிலிருந்து காலை ரயிலில் போவார். பள்ளிக்கூடம் விட்டால் கூட்டம். திங்கட்கிழமை பேராதனை, புதன்கிழமை கண்டி, சனியும் ஞாயிறும் ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டங்கள். தோட்டத்துக்குப் போய்வந்தால் கால் நிறைய அட்டைக் கடி இருக்கும். நான் சுண்ணாம்பு தடவிவிடுவேன். குடிகாரரின் பெண்சாதிமார் படும் பாட்டை அவர் பேசினால் கல்லும் கரையும் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வரும்போது அவரிடம் பேச்சு தீர்ந்துபோயிருக்கும். "இஞ்சாரும், சோத்தைப் போடும்" என்பார். அதோடு அன்றைய கதை முடிந்துவிடும். என் பெயர் அன்னப்பிள்ளை. கலியாணமாகி ஒன்பது வருடத்தில் அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளை குட்டியும் இல்லை. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

ஒரு மாரிக்காலத்தில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மாலையில் கண்டியில் கூட்டம். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தும் சத்தம் எழும்பவில்லை. அன்னாசிச் சாடியில் மிச்சம் இருந்தது. பத்து நாள் ஆகியிருக்கும். வடித்து, இஞ்சியும் கராம்பும் இடித்துப் போட்டு, தொண்டைக்கு மருந்து என்று ஒரு கோப்பை கொடுத்தேன். கெட்ட எண்ணம் எதுவும் அப்போது இல்லை. குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார். பிறகு கோப்பைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

அன்றைய பேச்சைப் பற்றிச் சொல்லவே மறுநாள் செல்லப்பர் எங்கள் வீடு தேடி வந்தார். சங்கத்துச் செயலாளர், தபால் கந்தோரில் உத்தியோகம். மாஸ்டர் இப்படிப் பேசி ஒருநாளும் கேட்டதில்லை, முன் வரிசையில் இருந்த இரண்டு வண்டிக்காரர் அழுதுகொண்டு இனிக் குடிப்பதில்லை என்று கையெழுத்து வைத்தார்கள் என்றார். அதைவிடப் பெரிய சங்கதி அவருக்குத் தெரியாது. கூட்டம் நடந்த அன்றிரவே, வீட்டுக்கு வந்த இவர் நேரே குசினிக்குள் வந்து பலகையைப் போட்டு உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்துக் கதை சொன்னார். பெரிய வாத்தியார் மூக்குப்பொடி போடுவதை நடித்துக் காட்டினார். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"அன்னம், உம்மடை கை ஏன் இப்பிடிக் காய்ச்சுப்போய்க் கிடக்கு?"

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விறகு அன்று நன்றாகக் காயவில்லை, புகை அதிகம்.

அடுத்த நாள் மூக்காயியை அனுப்பி நாலு முழு அன்னாசி வாங்குவித்தேன். மூக்காயி எங்கள் வீட்டில் தண்ணீர் அள்ளவும் மா இடிக்கவும் நின்றவள், ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். பிறகு சீனியைக் கூட்டினேன். முந்திரிகைப் பழ வற்றல் சேர்த்தேன். ஊறுகிற பத்து நாளை இருபத்தொரு நாளாக, மூன்று கிழமையாக்கினேன். கராம்பை மட்டும் குறைக்கவில்லை. அதன் வாசம் மற்ற வாசத்தை மூடிவிடும். ஒரு கோப்பை கொடுத்தால் அவர் நன்றாகப் பேசினார். இரண்டு கொடுத்தால் கூட்டத்தை முடித்துக்கொண்டு முதல் ரயிலில் வந்தார். மூன்று கொடுத்தால் கூட்டத்துக்கே போகாமல், எனக்குப் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்தார். இந்தக் கணக்குப் பிடிபட எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

அவருக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். மருந்து என்றேன், மருந்து என்று குடித்தார். படித்த மனுசர் தானாகக் கேட்காததை நான் ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஒரு பிழை நடந்தது, மறைக்கவில்லை. ஒரு தரம் நுரை அடங்குமுன் போத்தலில் அடைத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். செல்லப்பர் முன் அறையில் இருந்து சாராயத்துக்கு எதிராகத் தீர்மானம் எழுதிக்கொண்டிருந்தார். போத்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. சாராயம் விற்கிற தவறணைக்காரர் சுடுகிறார்கள் என்று அவர் மேசைக்குக் கீழே போய்விட்டார். அலுமாரிக் கதவுக்கு அடியால் சாறு ஓடிவந்து அவர் முழங்காலை நனைத்தது. வினாகிரி என்றேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். இன்னொரு தரமும் வைத்தார். நல்ல வினாகிரி, வீட்டில் ஊறுகாய் போட ஒரு போத்தல் தரமுடியுமா என்று கேட்டார். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் கேட்டார். அவர் வீட்டில் அவ்வளவு ஊறுகாய் போட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

இனிக் கடுகண்ணாவைக் கூட்டம். ஊர்ச்சனம் வாக்குப் போட்டால் தவறணையை மூடலாம் என்று சட்டம் இருந்ததல்லவா. சனிக்கிழமை வாக்கெடுப்பு, வெள்ளிக்கிழமை மாலை கடைசிக் கூட்டம். அன்று காலை செல்லப்பர் ஒரு சந்தோசச் செய்தி கொண்டுவந்தார். இங்கே வென்றால் மாஸ்டருக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு வாங்கி, மாத்தளை, பதுளை என்று ஆறு மாதம் ஊர் ஊராக அனுப்பப் போகிறார்களாம். இவர் முகம் மலர்ந்தது. என் பக்கம் திரும்பவில்லை.

நான் மூன்று கோப்பை கொடுத்தேன். அது பிழையில்லை, வேண்டுமென்றே கொடுத்தேன். வீட்டில் இருந்து வெங்காயம் உரிப்பார் என்று நினைத்தேன். ஆனால் சங்கத்துப் பெடியள் வண்டி கொண்டுவந்து ஏற்றிப்போய்விட்டார்கள்.

மேடையில் நடந்ததை உங்களுக்குப் பலர் சொல்லியிருப்பார்கள். தவறணைக்காரர் இருளப்பன் தன் பிழைப்பு என்னாகுமோ என்ற பயத்தில் கூட்டத்தின் ஓரமாக நின்றாராம். இவர் பேச்சை நடுவில் விட்டு இறங்கிப்போய் அவரைக் கட்டிப்பிடித்து, "இவன் என்ரை கூடப்பிறந்தவன், இவனிலை கை வைக்க விடமாட்டன்" என்று அழுதாராம். அழுதபடியே அவர் தோளில் நித்திரையாகிவிட்டாராம். இருளப்பன் பாவம், ஆடாமல் அசையாமல் நின்றிருக்கிறார். மறுநாள் வாக்கெடுப்பில் தவறணை வென்றது.

சங்கத்தார் எங்கள் முன் அறையில் கூடினார்கள். இருளப்பன் கைக்கூலி கொடுத்து, மூக்காயி சாப்பாட்டில் ஏதோ கலந்துவிட்டாள் என்று முடிவாயிற்று. செல்லப்பர்தான் முதலில் சொன்னார். அவருக்கும் ஒரு முடிவு அவசரமாகத் தேவைப்பட்டது. மூக்காயியைக் கூப்பிட்டார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் கலக்கலீங்கம்மா. ஒங்களுக்குத்தான் தெரியுமே, சொல்லுங்கம்மா."

நான் எதுவும் சொல்லவில்லை. பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. அன்றே அவளை அனுப்பினார்கள். கிழிசல் இல்லாத சேலை ஒன்று கொடுத்தேன். வாங்காமல் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். இப்போது யாரையோ கொண்டு மனு எழுதுவித்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருக்கும் என்று நான் எண்ணவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அது பெரிய இடி என்று எல்லாரும் வந்து துக்கம் விசாரித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலை ரயில் இல்லை, கூட்டம் இல்லை. மருந்து காலையிலேயே தேவைப்பட்டது. நாள் முழுக்க அன்னம், அன்னம் என்று கூப்பிட்டார். நல்ல காலம் அது.

பிறகு ஒருநாள் கோப்பையைத் தள்ளிவைத்தார். "இது மருந்தில்லை. இனி எனக்கு வேண்டாம்" என்றார். குரலில் கோபம் இல்லை. நானும் மறுக்கவில்லை, சாடியைக் கழுவிக் கவிழ்த்தேன். நாலு நாள் உடம்பு நடுங்கியது. கஞ்சி பருக்கினேன், துடைத்துவிட்டேன். ஒரு தாய்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டாள். ஐந்தாம் நாள் நடுக்கம் குறைந்தது. பதினோராம் நாள் தாமாகவே முகச்சவரம் செய்து, யாழ்ப்பாணத்திலிருக்கும் தமையனுக்குக் கடிதம் எழுதினார். அங்கே வரச்சொல்லி மறுமொழி வந்தது. சங்க வேலையைப் புதிதாகத் தொடங்கலாமாம்.

"நான் முதல்லை போறன். பிறகு உம்மைக் கூப்பிடுறன்" என்றார். அன்னம் என்று சொல்லவில்லை. பெட்டியை அவரே கட்டினார்.

பயணத்தன்று காலை நான் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு தவறணையின் பின்கதவுக்குப் போனேன். அன்னாசி ஊறவைக்க நாள் போதாது. இருளப்பன் எழுந்து நின்று இரண்டு கையாலும் போத்தலைத் தந்தார். எங்கள் வீட்டின் மேல் அவருக்கு மரியாதை அதிகம். இஞ்சிக் கோப்பியில் காரம் தூக்கலாகப் போட்டு, பாதிக்குப் பாதி சாராயம் விட்டேன். ஒரு மிடறில் அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கோப்பையைக் கீழே வைக்கக் கை போனது, வைக்கவில்லை. முழுவதையும் குடித்தார். அந்தப் பார்வையை மட்டும் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

ரயில் வந்து நின்று போனது. அவர் கதிரையில் சாய்ந்தபடியே இருந்தார். நான் பெட்டியை அவிழ்த்து வேட்டிகளை எடுத்து மடித்து வைத்தேன். ஆம் ஐயா, நான்தான் செய்தேன், முதல் கோப்பையைத் தவிர மற்ற எல்லாம் தெரிந்தே செய்தேன். மூக்காயிக்கு இதில் சம்பந்தமில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவரை நான் கட்டிவைத்திருக்கிறேன் என்று மட்டும் எழுதவேண்டாம். கதவு திறந்துதான் கிடக்கிறது. நேற்றுக்கூட நேராகவே கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, யாழ்ப்பாணம் போறியளோ, என்னோடை இருக்கிறியளோ?"

கொஞ்சநேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "போத்தல் எங்கை?" என்றார்.

அவர் அப்படித்தான், ஐயா. மனதில் என்மேலுள்ள பட்சத்தை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிற மனுசர்.