ஜோடி வாக்கு

தர்லோ: என் பூட்ஸ எங்க ஒளிச்சு வெச்சீங்க, முதலாளி?

கூம்ஸ்: அடுப்புக்குப் பின்னாடி காயுது. நனைஞ்சிருந்துதே.

தர்லோ: நனையவே இல்ல. உறைஞ்சு கெடக்கற ஆத்து மேல வெறுங்காலோட ஓட மாட்டான்னுதானே…

கூம்ஸ்: அப்படியும் வெச்சுக்கலாம். பனிக்கட்டி ஓட்டையில போட்ட தூண்டிலப் பாருங்க வக்கீலய்யா, இழுக்குது.

தர்லோ: இழுக்கட்டும். இந்தக் காபியில என்ன கலந்தீங்க?

கூம்ஸ்: கொஞ்சம் ரம்.

தர்லோ: சபையில மதுவிலக்குச் சட்டத்துக்குக் கைதூக்கினவர் நீங்க.

கூம்ஸ்: ஓட்டு வேற, குளிர் வேற. குடிங்க.

தர்லோ: முதல்ல நீங்க குடிங்க.

கூம்ஸ்: அடேயப்பா… விஷம் வெச்சுடுவேனா?

தர்லோ: நீங்க மட்டும் என்னை நம்பறீங்களா? ஜன்னல் வழியா நான் எட்டிப் பாத்தாலே எந்திரிச்சு வாசலை மறிக்கிறீங்க.

கூம்ஸ்: சந்தேகம் உங்க மேல இல்ல, உங்க தொழில் மேல. நேத்து ரெண்டு பேரும் கை குலுக்கினோம். மசோதாவுக்கு நீங்க ஆதரவு, நான் எதிர்ப்பு. ரெண்டு பேருமே ஓட்டுப் போட சபைக்குப் போகாட்டி ஒண்ணுக்கு ஒண்ணு கழிஞ்சிடும், யாருக்கும் நட்டமில்ல. ஜோடின்னா ஜோடி. என்னை இந்த மீன் குடிசையில விட்டுட்டு நீங்க மட்டும் போய்க் கைதூக்கிட்டா?

தர்லோ: கால் வாதம், சபையில உக்கார முடியலன்னுதானே ஜோடி கேட்டீங்க. பனிக்கட்டி மேல மட்டும் உக்கார முடியுதாக்கும்.

கூம்ஸ்: இங்க அடுப்பு இருக்குதே. ஆமா… பதினாலு வயசுக்குக் கீழ யாரும் மில்லுல வேலை செய்யக் கூடாதுன்னு மூணாவது தடவையா மசோதா கொண்டாறீங்க. உங்களுக்குப் புள்ளை குட்டி கூடக் கிடையாது. ஏன் இந்தப் பிடிவாதம்?

தர்லோ: ஒடீலை மறந்துட்டீங்களா?

கூம்ஸ்: எந்த ஒடீல்?

தர்லோ: உங்க மில்லுல நூல் சுத்தின பத்து வயசுப் பொண்ணு. மிஷின் பெல்ட்டுல பின்னல் மாட்டி, உச்சந்தலைத் தோலோட பிஞ்சு வந்துது. அவளுக்காக வழக்காடித் தோத்தேன். அன்னிக்குத்தான் தேர்தல்ல நிக்கறதுன்னு முடிவு பண்ணேன்.

கூம்ஸ்: …கம்பெனி மேல தப்பில்லன்னு கோர்ட்டே சொல்லிடுச்சே.

தர்லோ: அதனாலதான் சட்டத்தையே மாத்த வந்தேன்.

கூம்ஸ்: அதோ ஜன்னல்ல பாருங்க, சபைக் கோபுரத்துல கொடி இறங்குது. ஓட்டெடுத்து முடிச்சு சபை கலைஞ்சாச்சு.

தர்லோ: அதுக்குள்ளயா? பேசி முடிக்கவே சாயங்காலம் ஆகும்னாங்களே.

கூம்ஸ்: ம்… இனிப் பயமில்ல. இந்தாங்க பூட்ஸ்.

தர்லோ: உங்க காவல் வீண், முதலாளி. எனக்கு ஓட வேண்டிய அவசியமே இல்ல.

கூம்ஸ்: ஏனாம்?

தர்லோ: நேத்து நீங்க போனதும் நம்ம சபை மெம்பர் வைமன் என் விடுதிக்கு வந்தான். ‘அம்மாவுக்கு ரொம்ப முடியல, ஊருக்குப் போகணும். நானும் எதிர்ப்புதான், உங்களோட ஜோடி போட்டுக்கலாமா’ன்னான். சரின்னுட்டேன்.

கூம்ஸ்: எனக்குக் குடுத்த வாக்கையே அவனுக்கும் குடுத்தீங்களா?

தர்லோ: குடுத்தேன். என் ஒரு ஓட்டுக்கு உங்க பக்கம் ரெண்டு ஓட்டு காலி. அந்த ஒரு ஓட்டு வித்தியாசத்துலதான் மசோதா ஜெயிச்சிருக்கும். வெக்கமாத்தான் இருக்கு. வாழ்நாள்ல யாருக்கும் வாக்குத் தவறினதில்ல. ஆனா அந்தப் பொண்ணோட தலை கண்ணு முன்னால வந்து நின்னா… ஏசணும்னா ஏசுங்க.

கூம்ஸ்: ஏசல.

தர்லோ: அப்ப ஏன் என் முகத்தையே பாக்கறீங்க?

கூம்ஸ்: வைமனோட அம்மா எப்பவோ செத்துட்டா, வக்கீலய்யா.

தர்லோ: …அப்ப அவன் ஊருக்குப் போகலையா?

கூம்ஸ்: சபையிலதான் இருக்கான். அவன அனுப்பினதே நான்தான். நீங்க குடுத்த ரெட்டை வாக்க இந்நேரம் எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சிருப்பான். ‘தர்லோ சொன்னாச் சரி’ன்னு கைதூக்க வந்த குடியானவ மெம்பருங்க எந்திரிச்சுப் போயிருப்பாங்க, மசோதா தோத்திருக்கும். கொடி ஏன் சீக்கிரம் இறங்குச்சுன்னு நெனச்சீங்க?

தர்லோ: வைமனுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்…

கூம்ஸ்: ஒண்ணும் பண்ணல. உங்கள மலையா நம்பினான். ‘வக்கீல் அப்படிச் செய்ய மாட்டார். வேற ஆளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்னு என்னைத் திருப்பி அனுப்பினார்னா, என் ஓட்டும் அவர் மசோதாவுக்குத்தான்’னு என்கிட்டப் பந்தயம் கட்டிட்டுத்தான் உங்க விடுதிப் படியேறினான்.