இருபத்தாறு நிமிடக் காத்திருப்பு

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்று, இந்தக் கிழவன் எப்போது பேசி முடிப்பானோ என்ற கலக்கத்தை முகத்தில் காட்டாமல் வீற்றிருக்கும் ஓட்டக் கழகத் தலைவி கிளெனிஸ் அம்மையார் அவர்களே, மூட்டுவலியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு மன்றம் வந்து சேர்ந்திருக்கும் என் வயதுப் பெரியவர்களே, ஒரு மாலைக்கேனும் அடுப்படியை ஆண்களிடம் ஒப்படைக்கும் அஞ்சாத நெஞ்சம் படைத்த தாய்மார்களே, உருளைக்கிழங்கு வயலின் செம்மண்ணைக் காலணியிலிருந்து தட்டாமலே ஓடி வந்திருக்கும் தோழர்களே, நாற்பது ஆண்டு இல்வாழ்க்கையை நிறைவு செய்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் அக்காள் மகள் ரோஸ்லினே, அவள் கைப்பிடித்த நெவிலே, உங்கள் அனைவருக்கும் ஆர்ச்சியின் அன்பு வணக்கம்.

என் கையில் தாள் இல்லை. இருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. பெயர் எழுதக் கற்பதற்கு முன்பே ஆட்டு உரோமம் கத்தரிக்கப் போனவன் நான். ஆனால் இந்தக் குடும்பத்தில் யார், எந்த ஆண்டு, எத்தனை நிமிடத்தில் ஓடினார்கள் என்று கேளுங்கள். நொடி தவறாமல் சொல்வேன். என்ன ரெக்ஸ், பின்வரிசையில் சிரிக்கிறாய்? எழுபத்தெட்டில் நீ ஓடிய நேரத்தைச் சொல்லட்டுமா? வேண்டாம் அல்லவா? சரி, அமைதியாக இரு.

அன்பர்களே, ஈஸ்டர் வந்தால் ஊர் முழுவதும் முட்டை தேடும். எங்கள் குடும்பம் கடற்கரை தேடும். இரண்டு வண்டிகளில் கூடாரம், கொதிகெண்டி, குழந்தை குட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஸ்டான்லி கடற்கரைக்குப் போவோம். நான்கு நாள் காலையில் கால் பழக ஓட்டம். ஐந்தாம் நாள் திங்கட்கிழமை, போட்டி. படகுத்துறையில் கிளம்பி, ஒன்றரை மைல் மணலில் ஓடி, ஆற்றுமுகத்தில் நட்ட கம்பத்தைத் தொட்டுத் திரும்பி வர வேண்டும். முதலில் வருபவருக்கு என் அக்காள் எட்னா சுட்ட பழக் கேக்.

அந்தப் போட்டியின் நியாயம் என்ன? எல்லோரும் ஒன்றாகக் கிளம்பினால் யார் ஜெயிப்பார் என்று ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். எனவே மெதுவாக ஓடுபவர் முதலில் கிளம்புவார். வேகமாக ஓடுபவர் காத்திருப்பார். வேகத்துக்கு ஏற்ற காத்திருப்பு. அதைக் கணித்துக் கொடுப்பது என் வேலை. கணிப்புச் சரியென்றால், கடைசி நூறு கெஜத்தில் அறுபது வயதும் இருபது வயதும் தோளோடு தோள் உரச வரும். பதினான்கு ஆண்டு போட்டிக்கு நேரம் பார்க்கும் கைக்கடிகாரம் என்னிடம் இருந்தது. பதினான்கு ஆண்டில் ஒருவராவது, ஆர்ச்சி ஓரவஞ்சனை செய்தான் என்று சொன்னதுண்டா? சொன்னதில்லை.

எண்பத்தோராம் ஆண்டு வந்தது. சோதனையும் வந்தது.

ரோஸ்லினுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அவளைவிட வேகமாக ஓடியவர் எங்கள் குடும்பத்தில் ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை. எட்னா கிளம்பி இருபத்தாறு நிமிடம் கழித்துத்தான் அவள் கிளம்ப வேண்டும். அத்தனை பேரும் போன பிறகு, தனியாக நின்று மணலைக் காலால் கீறிக்கொண்டு இருப்பாள். ஒரு முறைகூட அவள் கேக்கை வென்றதில்லை. அந்த ஆண்டு கடலுக்கு அப்பால் மெல்பர்னில் ஒரு மருத்துவமனை அவளைத் தாதியாக எடுத்திருந்தது. போட்டி அன்றைய மாலைக் கப்பலிலேயே பயணம்.

நெவில் பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டாவது ஆண்டாக எங்களோடு வந்திருந்தான். நல்லவன். நாணயமானவன். ஆனால் முகத்தைப் பார்த்தால் அவனுக்கு நாக்கு எழாது. பக்கத்தில் ஓடிக்கொண்டே, எதிரே பார்த்துக்கொண்டே என்றால் பேசுவான். மாடு, மழை, மாற்றவேண்டிய டயர் என்று மனம் திறந்து பேசுவான். காலை ஓட்டங்களில் ரோஸ்லினோடு அப்படித்தான் பேசினான்.

ஞாயிறு பிற்பகல். நான் மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தேன். நெவில் வந்து மீனைப் பார்த்தபடி நின்றான்.

"மாமா, நாளைக்கு என்னை ரோஸ்லின்கூடவே கிளப்பி விடுங்க."

"நீ அவளுக்கு ஆறு நிமிஷம் முன்னாடி கிளம்பணும்டா."

"அந்த ஆறு நிமிஷத்தையும் என் தலையில போட்டுடுங்க. அவகிட்ட ஒண்ணு கேக்கணும். ஓடிக்கிட்டே கேட்டாத்தான் உண்டு. சாயங்காலம் கப்பல் போயிடும்."

என்ன கேட்கப் போகிறான் என்று எனக்குப் புரியாதா? அவன் காதே சொன்னது. அவ்வளவு சிவப்பு.

"அவள தனியாக் கூப்பிட்டுக் கேளேன்."

"நேத்து கூப்பிட்டேன். மழை வருமான்னு கேட்டுட்டு வந்துட்டேன்."

"நெவில், ஒருத்தருக்காக ஒரு நொடி மாத்தினா, பதினாலு வருஷமும் பொய்யாயிடும்."

"நான்தானே தோக்கப் போறேன்? யாருக்கு என்ன நஷ்டம்?"

"தோக்குறது உன் இஷ்டம்டா. நீ தோக்குற மாதிரி கணிக்கிறது என் வேலை இல்ல."

அவன் திரும்பி நடந்தான். தாய்மார்களே, நான் செய்தது சரியா? அன்றைக்குச் சரி என்று நினைத்தேன். அவன் முதுகைப் பார்த்தபோது சரியில்லை என்று நினைத்தேன். ஒருவன் வாழ்வைவிட உன் கடிகாரம் பெரிதா என்று என் மனமே என்னைக் கேட்டது. ஆனாலும் கணிப்பை நான் மாற்றவில்லை.

திங்கட்கிழமை. எட்னா கிளம்பினாள். ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். இருபதாம் நிமிடம் நெவில். இருபத்து மூன்றாம் நிமிடம் ரோஸ்லினின் அண்ணன் ரெக்ஸ். இருபத்தாறாம் நிமிடம் ரோஸ்லின். இனி ஆற்றுமுகத்தில் நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு, மூன்றும் ஒத்துப்போன பிறகே சொல்கிறேன்.

நெவில் கம்பத்தைத் தொட்டான். தொட்டவன் திரும்பவில்லை. அங்கேயே நின்றான். நான் கொடுக்க மறுத்த காத்திருப்பை அவனே எடுத்துக்கொண்டான். ரெக்ஸ் வந்தான்.

"என்னடா, கால் பிடிச்சுக்கிச்சா?"

"ஷூ நாடா."

"ரெண்டும் கட்டித்தானே இருக்கு?"

"நீ போயேன்டா, புண்ணியமாப் போகும்."

ரெக்ஸ் போனான். ஒன்றரை நிமிடம் ஆயிற்று. ரோஸ்லின் வந்தாள், கம்பத்தைத் தொட்டாள், திரும்பினாள். நெவில் அவள் பக்கத்தில் ஓடத் தொடங்கினான். அவள் வேகம் தெரியும் அல்லவா? அவனுக்கு அது மூச்சைக் குடிக்கும் வேகம். பாதி வழி ஓடி வந்த பிறகுதான் வாய் திறந்தான்.

"ரோஸ்லின், ஒண்ணு கேக்கணும்."

"பேசாத. மூச்சு போயிடும்."

"சாயங்காலம் போயிடுவ."

"ஆமா."

"போ. போகாதன்னு சொல்லல. போயிட்டு... என்னைக் கட்டிக்கிறியா?"

அவள் நாற்பது எட்டு எடுத்து வைத்தாள். எண்ணியது நான் அல்ல, நெவில். நாற்பதாவது எட்டில் சொன்னாள்.

"முன்னால ரெக்ஸ் போறான் பாரு. அவனப் பிடிக்கணும்."

சொல்லிவிட்டுப் பறந்தாள். அவன் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தான். அலையும் அவனுமாக அந்த மணலில் நின்றார்கள்.

படகுத்துறையில் நான் பார்த்தது இதுதான். ஈரக்காற்றில் தலைமுடி பறக்க ஒரு பெண் வருகிறாள். ஒவ்வொருவராகக் கடக்கிறாள். ரெக்ஸைக் கடக்கிறாள். கோட்டுக்கு முப்பது அடி இருக்கும்போது பெற்ற தாய் எட்னாவையும் கடக்கிறாள். எட்னா கிளம்பி நாற்பத்து நான்கு நிமிடம், ஐம்பத்தாறு நொடி. ரோஸ்லின் முதன்முறையாக ஜெயித்துவிட்டாள். குடும்பம் கைதட்டியது. எட்னா மூச்சு வாங்கிக்கொண்டே கேக் டப்பாவைத் தூக்கினாள். நெவில் மட்டும் இல்லை. கேட்டுவிட்டான், இவள் மறுத்துவிட்டாள், என் நேர்மைதான் அவனை அந்த மணலில் தள்ளியது என்று நினைத்தேன்.

ரோஸ்லின் நிற்கவில்லை. கோட்டைத் தொட்ட காலோடு திரும்பினாள். வந்த வழியே ஓடினாள்.

"அடியே, கோடு இங்க இருக்கு. எங்கடி போற?" என்றாள் எட்னா.

"ஒண்ண விட்டுட்டு வந்துட்டேன்ம்மா."

முக்கால் மைல், மறுபடியும். கேக் டப்பாவைப் பிடித்தபடி எட்னா நிற்கிறாள். எல்லோரும் நிற்கிறோம். பதினான்கு ஆண்டில் எவரும் திரும்பி ஓடிப் பார்த்ததில்லை. நெடுநேரம் கழித்து இரண்டு உருவங்கள் நடந்து வந்தன. நடந்துதான் வந்தன. நெவிலின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஆனால் அது துக்கத்தின் வெளுப்பு அல்ல.

எட்னா இருவரையும் பார்த்தாள். கோத்திருந்த கைகளைப் பார்த்தாள். "அப்ப நாலு நாளா மாட்டப் பத்தி மட்டும் பேசலையா நீங்க?" என்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைக்கப் புறங்கையை எடுத்தாள். டப்பா மணலில் விழுந்தது. அந்தக் கேக்கை நாங்கள் மணலோடுதான் தின்றோம்.

அன்று மாலை அவள் கப்பல் ஏறினாள். யாரும் தடுக்கவில்லை, நெவிலும் தடுக்கவில்லை. இரண்டு ஆண்டு அந்த மருத்துவமனையில் வேலை செய்தாள். அந்த இரண்டு ஆண்டில் அவன் ஒன்பது முறை கடல் தாண்டினான். ஒன்பது முறையும் கப்பலில் வாந்தி எடுத்தான். பிறகுதான் திருமணம். எட்னா இன்று நம்மோடு இல்லை. அந்த வண்டிகள் இல்லை. அந்தக் கூடாரத்தின் எண்ணெய் வாசம் இல்லை. இருந்த இருபது பேரில் ஒன்பது பேர் இருக்கிறோம். ஆனால் அந்தத் திங்கட்கிழமை இருக்கிறது. ஈரமணல் காலில் ஒட்டியபடியே இருக்கிறது.

தலைவி அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். முடித்துவிடுகிறேன் அம்மா.

முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாத நெவில், ஒரு நாள் என் முகத்தைப் பார்த்து ஒன்று சொன்னான். ஆற்றுமுகத்துக்கும் துறைக்கும் நடுவில் அவள் திரும்பி வந்து நின்றபோது, "கேட்ட உடனே நின்னிருக்கலாமே" என்று இவன் கேட்டானாம். அதற்கு அவள் சொன்ன பதிலை உங்கள் முன் வைக்கிறேன்.

"நின்னிருந்தா தோத்திருப்பேன். உனக்காகத் தோத்தேன்னு காலம் பூரா சொல்லிக் காட்டியிருப்பேன். அதான் ஜெயிச்சுட்டு வந்தேன். இப்ப கேளு."

பெரியோர்களே, விட்டுக்கொடுப்பதுதான் அன்பு என்று மேடைக்கு மேடை முழங்குகிறோமே, விட்டுக்கொடுத்ததைக் கணக்கு வைக்காத மனிதன் எங்கே இருக்கிறான்? உனக்காகப் படிப்பை விட்டேன், உனக்காக ஊரை விட்டேன், உனக்காக ஓட்டத்தை விட்டேன் என்று சொல்லிச் சொல்லியே எத்தனை வீடுகளில் சுவர் கருகிப் போயிற்று? இந்தப் பெண் எதையும் விடவில்லை. தன் ஓட்டத்தை ஓடினாள். தன் வெற்றியை வென்றாள். தன் வேலைக்குப் போனாள். ஆனால் திரும்பினாள். ஒவ்வொரு முறையும் திரும்பினாள். நாற்பது ஆண்டில் அந்த வீட்டில், "உனக்காகத்தான்" என்ற சொல்லை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்ப கேளு என்றாள். அவன் கேட்டான். முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

பேச அழைத்த தலைவி அவர்களுக்கும், பொறுத்துக் கேட்ட உங்கள் பொன்னான செவிகளுக்கும், நடுவில் சிரித்தாலும் எழுந்து போகாத ரெக்ஸுக்கும் என் நன்றி. ரோஸ்லின், நெவில், உங்களுக்குத் தொப்பியைக் கழற்றி, தலை தாழ்த்தி வணங்கி, என் இருக்கைக்குப் போகிறேன். வணக்கம்.