வலது சக்கரம்

பரிதி அண்ணனின் லாரி எங்கள் நெல் கொள்முதல் நிலையத்தில் நாற்பத்தொன்பது மணி நேரம் நின்றது, சார். அறுவடைக் காலத்தில் இது பெரிய தாமதம் இல்லை. மூட்டை ஏற்ற ஆள் கிடைக்காமல் நான்கு நாள் நின்ற லாரிகளும் உண்டு.

நான் அங்கே பருவகாலப் பட்டியல் எழுத்தர். படித்தது பி.எஸ்சி. இயற்பியல். வரும் நெல்லின் ஈரப்பதத்தை அளப்பேன், மூட்டைகளைப் பதிவேன். அதிகம் பேச வேண்டியதில்லை. அதனாலேயே இந்த வேலை பிடித்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு லாரி வந்தது. வாசலில் பிரேக் போட்டதும் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் வேலிக்கல்லை உரசி நின்றது. நன்னிலத்திலிருந்து மெக்கானிக் மஜீது பாயை வரச் சொன்னார்கள். இப்போது நீங்கள் உள்ளே வைத்திருப்பவர்தான்.

அவர் வருவதற்குள் நான் தடத்தைப் பார்த்தேன். இடது முன்சக்கரம் மண்ணை உழுதிருந்தது. வலது சக்கரம் உருண்டு மட்டும் போயிருந்தது. யாரும் பார்க்காதபோது இரண்டு முன்சக்கரங்களின் பிரேக் டிரம்மிலும் சில துளி தண்ணீர் தெளித்தேன். இடதில் உஸ்ஸென்று ஆவி வந்தது. வலதில் தண்ணீர் சும்மா வழிந்தது. அதன் உள்பக்கம் எண்ணெய்க் கசிவும் இருந்தது. சூடாகாத பிரேக் என்றால் பிடிக்காத பிரேக். இடது சரியாக இருந்ததால்தான் வண்டி அந்தப் பக்கம் இழுத்தது.

"வலது சக்கரம்தாங்க பிடிக்கல," என்று மஜீது பாயிடம் சொன்னேன்.

"என்ன பாப்பா? கொஞ்சம் சத்தமா."

மறுபடி சொன்னேன்.

"வண்டி இழுக்குறது பீச்சாங்கை பக்கம். பாப்பா சோத்தாங்கை பக்கம் வைத்தியம் பாக்கச் சொல்லுது," என்றார் அவர்.

சுமை தூக்குபவர்கள் சிரித்தார்கள். பரிதி அண்ணன், "பேரு மட்டும் இசைவாணி. தொண்டையத் தொறந்தா கொசு கத்துது," என்றார். பிறகு என்னைப் போலவே குரலை மெலிதாக்கி, "வலது சக்கரம்தாங்க," என்று சொல்லிக் காட்டினார். ஏழு பேர் சிரித்தார்கள். அன்று நெல்லோடு வந்திருந்த பொன்னுத்தாய் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அவரை எட்டாவதாகச் சேர்க்கலாம்.

எனக்குக் கோபம் வராது, சார். வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

பொன்னுத்தாய் அக்காவின் நெல்லை அளந்தேன். ஈரப்பதம் இருபத்துமூன்று சதவீதம்; பதினேழுக்கு மேல் வாங்கக் கூடாது. "காயவெச்சு எடுத்துட்டு வாங்கக்கா," என்றேன். அவருக்குக் களம் கிடையாது, சாலையில்தான் காயவைப்பார். ஆனால் நான் அளந்தது சரிதான். பதிவேட்டில் இருக்கிறது.

மஜீது பாய் இடது பிரேக்கைத் தளர்த்திவிட்டார். வெறும் வண்டியை ஓட்டி, பிரேக் போட்டுப் பார்த்தார்கள். இழுக்காமல் போனது. "பாத்தியா பாப்பா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு அவர் கிளம்பினார். இரண்டு பக்கமும் பிடிக்காவிட்டாலும் வண்டி நேராகத்தான் போகும். நேராகப் போவது வேறு, நிற்பது வேறு. வெறும் வண்டியைப் பின்சக்கரங்களே எப்படியோ நிறுத்திவிடும். பத்து டன்னை நிறுத்தாது.

புதன் காலை இருநூற்று நாற்பது மூட்டை ஏற்றினார்கள். பத்து மணிக்கு லாரி கிளம்பியது. மதகு வளைவில் பொன்னுத்தாய் அக்கா சாலையில் பரப்பிய நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். பரிதி அண்ணன் பிரேக் போட்டிருக்கிறார். லாரி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. அக்காவின் மேல் ஏறி, வளைவில் திரும்பாமல் வாய்க்காலில் போய் விழுந்தது. இருவர் உடலையும் மதியத்துக்குள் எடுத்துவிட்டார்கள்.

வலது சக்கரத்தைப் பற்றித் தன்னிடம் யாருமே சொல்லவில்லை என்று மஜீது பாய் உங்களிடம் சொல்கிறாராம். அது பொய். நான் இரண்டு முறை சொன்னேன். சிரித்தவர்களே சாட்சி. அதைச் சொல்லத்தான் நானாகவே வந்தேன்.

எழுதும்போது முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று விடுபட்டிருக்கிறது.

புதன் காலை, மூட்டை ஏற்றுவதற்கு முன்னால், பரிதி அண்ணன் என் சன்னலுக்குத் தனியாக வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்குச் சிரிச்சதை மனசுல வெச்சுக்காதம்மா. புத்தி கெட்டுப்போய் செஞ்சுட்டேன். வண்டி நேரா போவுது, ஆனா மிதிச்ச எடத்துல நிக்க மாட்டேங்குது. நீ படிச்ச புள்ள. லோடு ஏத்தலாமா, இல்ல அந்த வலது சக்கரத்தக் கழட்டிப் பாத்துடவா? நீ சொல்றதச் செய்யுறேன்."

நியாயமான கேள்வி. மரியாதையாகத்தான் கேட்டார். சுற்றிலும் வேறு யாரும் இல்லை.

"ஏத்துங்கண்ணே," என்றேன். "எடை கூடினா உராய்வு கூடும். லோடு ஏறினாதான் பிரேக் நல்லாப் பிடிக்கும்."