கோணல் கதவு

— அதான் ஐயா, உங்க கதவு மட்டும் கோணலா இருக்குன்னு பாக்க வந்தவங்க ஆளாளுக்குப் புகார் சொல்றாங்க. தரை ஓவிய விழா நடத்துற எங்களுக்குல்ல கெட்ட பேரு.

— சொல்லட்டும், விடுங்க மேடம். எங்க நின்னு பாத்தாங்களாம்?

— நீங்க வட்டம் போட்ட எடத்துலதான். அங்க நின்னா, தரையில சாக்பீஸ்ல வரஞ்சது நெசம் மாதிரி எழுந்து நிக்கணும்ல? பக்கத்துக்காரர் கிணறு வரஞ்சிருக்காரு, பாத்தா எனக்கே தலை சுத்துது. உங்க கதவு சப்பையா படுத்துக் கெடக்கு.

— முட்டி போட்டுப் பாருங்க.

— நானா? புதுத் துணி ஐயா.

— அப்ப விடுங்க.

— சரி சரி, கோவிச்சுக்காதீங்க. இந்தா, போட்டாச்சு... அடேயப்பா. கதவு தெறந்து நிக்குதே. உள்ள கட்டில், பொம்மை, செவுத்துல கிறுக்கல் வேற. கால எடுத்து வச்சா உள்ள போயிடலாம் போல. இவ்வளவு நல்லா வரஞ்சுட்டு ஏன் ஐயா இவ்வளவு தாழ்வா வச்சீங்க, சொல்லுங்க பாப்போம்?

— எம் பொண்ணு ஒசரம் அது. அவ கண்ணுக்குச் சரியா தெரிஞ்சாப் போதும்.

— குழந்தையா? எங்க, காணோம்?

— அவ அம்மா கூட்டிட்டுப் போயிட்டா. தப்பு ரெண்டு பேர் மேலயும்தான், எம்மேல கொஞ்சம் கூடுதல். போறப்ப, "விழாவுக்கு வரேம்ப்பா, என் ரூம வரஞ்சு வை"ன்னா. வருஷா வருஷம் வரையறேன்.

— வருஷா வருஷமா? இப்ப என்ன வயசு அவளுக்கு?

— உங்க வயசு இருக்கும்.

— ஐயா...

— பைத்தியம்னு நெனைக்காதீங்க மேடம். வளந்திருப்பான்னு எனக்குத் தெரியாதா? எவ்வளவு வளந்தான்னு யாரு வந்து சொன்னா? எனக்குத் தெரிஞ்ச ஒசரம் இது ஒண்ணுதான்.

— வந்தா அடையாளம் தெரியுமா உங்களுக்கு?

— குனிஞ்சே கெடக்கறவனுக்கு வர்றவங்கல்லாம் வெறும் காலுதான். ஆனா அவளுக்குத் தெரியும். பாத்த உடனே தெரிஞ்சுக்குவா. சாயங்காலம் தெருவக் கழுவ தண்ணி லாரி வர்ற வரைக்கும் இங்கயேதான் இருப்பேன்.

— ஐயா, காலையில நிமிந்துகூடப் பாக்காம, "கோட்ட மிதிக்காத, தள்ளிப் போ"ன்னு ஒரு குட்டிப் பொண்ண வெரட்டினீங்களே...

— ஆமா, அதுவும் புகாரா? விடுங்க.

— இல்ல ஐயா. அந்தக் குட்டிய உங்க வட்டத்துல நிக்க வச்சதே அவங்கம்மாதான். நான் ஏதோ வெளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன். "நல்லா பாரு கண்ணு, அதான் அம்மாவோட ரூம்"னாங்க.