தலை நுழையாத தொப்பி

ஆரம்பாக்கத்திலிருந்து சுண்ணாம்புக்குளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். வியர்வை கொட்டும் அந்த மதியத்திலும் ஜன்னலோரம் இருந்தவர் மடியில் சிவப்புக் கம்பளி நூலை வைத்துக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தார்.

"மிலிட்டரில கீற என் பையனுக்குப் போன தபா அனுப்புன தொப்பி சூப்பரா இருந்துச்சு. தலைதான் உள்ள போவல" என்றார்.

பக்கத்துப் பெண் திரும்பிப் பார்த்தாள். "அப்புறம் அது இன்னா தொப்பிக்கா?"

"நான் ஒயுங்காத்தான் பின்னுனேன். ஓரத்தை முடிக்கத் தெரியாம முழிச்சிகினு இருந்தேன். குடு, இது என் வேலைன்னு எங்க ஊட்டுக்காரரு வாங்கிகினு, மீன் வலை ஓரத்துக்குப் போடற முடிச்சைப் போட்டுட்டாரு. எவ்ளோ இழுத்தாலும் துளிகூட அசையல. அவரு அப்பிடியே பார்சல் போட்டுட்டாரு."

"அய்யய்யோ! பையன் பனியில நிக்கிறானேக்கா!"

"போன் வந்தப்போ திட்டப் போறான்னு பயந்துகினேதான் எடுத்தேன். அவன் சிரிக்கிறான். சின்ன டீ கெட்டிலுக்கு மாட்டிட்டானாம். டீ ஆறவே மாட்டேங்குதாம். கூட கீறவங்கல்லாம் ஆளுக்கு ஒண்ணு கேக்கறாங்களாம்."

"அப்போ இது கெட்டிலுக்கா?"

"இது தலைக்கு. ஓரத்தை நானே லூசா முடிக்கக் கத்துகினேன்."

"அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?"

"அவரு எங்க சொல்றது? நான் பின்னி வச்ச கெட்டில் தொப்பிங்களுக்கு காலையிலேர்ந்து ஓரம் கட்டிகினு கீறாரு. சாப்பிடக் கூப்ட்டா, மிலிட்டரி வேலை, கிட்ட வராதன்றாரு!"