அண்ணன் பார்த்து அனுப்பிய மருந்து

நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதனின் பெரியப்பா மகனுக்கு நடந்தது.

விடிவதற்கு முந்தைய இருட்டு. மருந்து ஆலைக்குப் போகும் சாலையில் ஒரு நாய்கூட இல்லை. அவன் மட்டும் நடந்தான்... தங்கையை அடக்கம் செய்த கையோடு.

ஆலையில் அவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மா என்ற மஞ்சள் நீரில் அங்கே நோய் எதிர்ப்பு மருந்து செய்தார்கள். குளிர் அறையில் இருந்தால்தான் அது கெடாது. ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது அவன் வேலை.

ஒரு கோடையில் குளிர் இயந்திரம் நின்றுபோனது. அன்றிரவு அதற்குக் காவல் இருக்கவேண்டிய அவனே தூங்கிவிட்டான். விழித்தபோது அறை வெந்துகொண்டிருந்தது. குப்பிகளில் நூல் நூலாக ஏதோ மிதந்தது. சொன்னால் வேலை போய்விடும். இயந்திரத்தை ஓடவிட்டு வாயை மூடிக்கொண்டான். பாதிக் குப்பிகள் வெளியே போயின.

தங்கைக்குப் பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி கிடையாது. அந்த மருந்து ஏறினால்தான் உயிர். ஆஸ்பத்திரியில் அவள் தலைமாட்டில் தொங்கிய குப்பியின் எண்ணைப் பார்த்தான். அதே சரக்கு.

"அண்ணா, இது நீ பாத்து அனுப்புனதா?"

பக்கத்திலேயே நர்ஸ் நின்றாள். தங்கை புருஷனும் நின்றார்.

"நான் பாத்ததுதான். பேசாம படு."

நிம்மதியாகச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் எடுத்தது. பல் கடகடவென்று அடித்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. அப்போதும் அவன் வாய் திறக்கவில்லை. மறுநாள் போய்விட்டாள்.

மிச்சக் குப்பிகளை ஒழித்துக்கட்டத்தான் இப்போது வந்தான். குளிர் அறைக் கதவு பின்னால் சாத்திக்கொண்டது. ஸ்பிரிட் வாடை... அதற்கடியில், காய்ச்சல்காரியின் புளித்த வியர்வை. ஒரு குப்பியைத் தொட்டான். வெதுவெதுப்பு. அடுத்தது... சுட்டது.

அலமாரிக்குப் பின்னால் கடகட... கடகட...

"அண்ணா... வெளிச்சத்துல தூக்கிப் பாரேன்."

தூக்கினான். கண்ணாடியின் உள்பக்கம் மூச்சுப்பட்டு மங்கியது.

"நல்லா இருக்கா?"

பழக்கதோஷம். "நல்லா இருக்கு" என்றான்.

"அப்ப நீ போட்டுக்க."

காலையில் காவலாளி கதவைத் திறந்தார். அத்தனை குப்பியும் காலி. ஒரு மூடிகூடப் பிரியவில்லை. அவன் தரையில் கிடந்தான்... உயிரோடு.

இன்னும் இருக்கிறான். இத்தனையும் அவனே என் சிநேகிதனிடம் உளறியதுதான். காய்ச்சல் இறங்கவே இல்லை. தங்கை புருஷன்தான், ஒன்றும் தெரியாமல், பக்கத்திலிருந்து ஈரத்துணி போடுகிறார்.

அவன் முழங்கை மடிப்பில் ஒரு சின்னத் துளை. ஆறுவதில்லை. அழுத்தினால் ரத்தம் வருவதில்லை... மஞ்சளாகத் தண்ணீர்தான் கசிகிறது.